ஒரே படம், வீட்டுக்குள் இரண்டு கட்சி... தெரியுமா?

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலில் ஹாலிவுட் கேமரா சுழன்றது தெரியுமா? ஆங் லீ 'லைஃப் ஆஃப் பை' எடுக்கப் புதுச்சேரி வந்தபோதுதான்! அந்தப் படம் 4 ஆஸ்கர் விருதுகளை அள்ளியது. 'நானும் ரௌடி தான்' (2015) கதை நடப்பதும் புதுச்சேரியில்தான். இரண்டையும் ஊரே ரசித்தது, யாரும் முறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பார்த்தவர்களை இன்றுவரை இரண்டு கட்சியாக நிறுத்தி வைத்திருக்கும் படம் ஒன்று உண்டு. 2019 மார்ச் 29 அன்று வந்த 'சூப்பர் டீலக்ஸ்'!

இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவுக்கு அது இரண்டாவது படம்தான் என்பது தெரியுமா? முதல் படம் 'ஆரண்ய காண்டம்'. அதில் 52 இடங்களை வெட்டச் சொன்னது தணிக்கை வாரியம். அவர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராடித்தான் 2011இல் படத்தை வெளியிட்டார். தேசிய விருது வந்தது, வசூல் வரவில்லை. அடுத்த படத்துக்கு 8 வருடம்! அந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'அநீதிக் கதைகள்'.

இன்னும் கேளுங்கள்! திரைக்கதையில் குமாரராஜாவுடன் மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர் என்று மொத்தம் 4 பேர் கை வைத்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு பி.எஸ். வினோத், நிரவ் ஷா என்று இருவர். இசை யுவன் சங்கர் ராஜா, ஆனாலும் ஆடிப்பாட ஒரு பாட்டுகூடக் கிடையாது! பழைய சினிமாப் பாட்டுகள் எங்கிருந்தோ கசிந்து வரும், அவ்வளவுதான். ரம்யா கிருஷ்ணன் ஒரே ஒரு ஷாட்டுக்கு 37 டேக் போனார் என்றால் நம்புவீர்களா? சுவர்களின் நீலத்தையும் சிவப்பையும் பாருங்கள். கதை நடப்பது எந்த வருடம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

கதையும் அப்படித்தான். பழைய காதலன் கட்டிலிலேயே செத்துப்போக, அந்தப் பிணத்தை மறைக்க அலையும் கணவனும் மனைவியும். பார்க்கக்கூடாத படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்க உட்கார்ந்து, அதில் தன் அம்மாவையே பார்த்துவிடும் பையன். சுனாமியில் ஒரு சிலையைப் பிடித்துக்கொண்டு உயிர்பிழைத்தவர். விட்டுப்போன அப்பா பல வருடம் கழித்து ஷில்பா என்ற திருநங்கையாக வீடு திரும்ப, சொந்தக்காரர்கள் வாயடைத்து நிற்கும்போது, துளியும் தயங்காமல் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பையன் ராசுக்குட்டி! போதாததற்கு வேற்றுக்கிரகவாசியும் உண்டு!

இங்கேதான் கட்சி பிரிகிறது. "176 நிமிஷம், முடிவில் ஒரு பிரசங்கம், எல்லாம் பகட்டு" என்பது ஒரு பக்கம். "தமிழில் இப்படி ஒரு படம் வந்ததே இல்லை" என்பது இன்னொரு பக்கம். நான் இரண்டாம் கட்சி. ஆனால் அந்தப் பிரசங்கம் எனக்கும் நீளம்தான்.

'இதெல்லாம் வெளிநாட்டு ஸ்டைல்' என்று சொல்பவர்களிடம் மட்டும் ஒரு கேள்வி. பாகூர்ப் பக்கத்துக் கிராமத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்ததில்லையா? கிரீடமும் புஜக்கீர்த்தியும் பூண்டு, முகமெல்லாம் அரிதாரத்தோடு திரைக்குப் பின்னாலிருந்து குதித்து வருகிற துரியோதனனைப் பார்த்து 'இது நிஜம்போல இல்லையே' என்று யாராவது எழுந்து போனதுண்டா? திரௌபதியின் துகிலுக்குக் கூட்டம் அழுதுகொண்டிருக்கும்போதே கட்டியங்காரன் ஒரு நக்கலைப் போடுவான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்போம்! அழுகையையும் சிரிப்பையும் ஒரே பந்தலில் உட்கார வைப்பது நம் தெருக்கூத்து காலங்காலமாகச் செய்துவருவது. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமந்தாவும் பகத் பாசிலும் சண்டை போடும்போது நமக்குச் சிரிப்பு வருகிறதே, அதுவும் அந்த வழியில் வந்ததுதான்.

இப்படிப் பிளவுபடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதா? இல்லவே இல்லை! வெஸ் ஆண்டர்சன் என்ற அமெரிக்க இயக்குநர் ராஜஸ்தானில் ரயில் ஓட்டி எடுத்த 'தி டார்ஜிலிங் லிமிடெட்' (2007) படத்தில் சத்யஜித் ராயின் இசை ஒலிக்கும். அழகு என்று உருகியவர்களும் உண்டு, வெறும் பொம்மைக் கொலு என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

ஆனால் 'சூப்பர் டீலக்ஸ்' மேல் எழுந்த குற்றச்சாட்டுகளில் எனக்குக் கனமாகப் படுவது ஸ்டைலைப் பற்றியது அல்ல. ஷில்பா தன் கடந்த காலத்தில் குழந்தைகளைக் கடத்திப் பிச்சைக்கு விடும் கும்பலுக்கு உதவியதாகக் கதை சொல்கிறது. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற பழியைச் சுமந்தே வாழ்கிற எங்கள் தலையில் மறுபடி அதையே ஏற்றுவதா என்று திருநங்கையர் பலர் கொதித்தார்கள். திருநங்கை வேடத்துக்கு ஒரு திருநங்கையை ஏன் தேடவில்லை என்றும் கேட்டார்கள். அதே வேடத்துக்குத்தான் விஜய் சேதுபதிக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது! மெல்போர்ன் இந்தியத் திரைப்பட விழாவில் இதே படத்துக்குச் சமத்துவத்துக்கான விருது! எவ்வளவு பெரிய முரண் பாருங்கள்!

பாகூர்க்காரர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. பக்கத்துப் பிள்ளையார்குப்பத்தில் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறதே! கூவாகம் போலவே இங்கும் சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் கூடி அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள். அந்த அழுகையை அடுத்த தெருவில் கேட்டு வளர்ந்தவர்கள் ஷில்பாவை வெறும் வேடமாகப் பார்க்க முடியாது.

படத்தைத் திரும்பப் பார்ப்பதானால் ராசுக்குட்டி வரும் காட்சிகளைத் தவறவிடாதீர்கள். சிறுவன் அஸ்வந்த் அதில் செய்திருப்பது அதிசயம்! ஷில்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறானே, அந்தப் பெருமையைப் பற்றி மட்டும் இரண்டு கட்சியும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை.