பூவும் கனியும் கதிரும்

நுழையும்முன்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் செடி எது? ஒரு துளி நீரும் சேர்க்காமல் செய்யப்பட்டுப் புவிசார் குறியீடு பெற்ற கோயில் பண்டம் எது? நூறாண்டுக்கும் மேலாகக் கதிரவனைப் படம்பிடித்துப் பதிந்துவரும் மலையூர் எது? பொது அறிவுப் போட்டிகளில் தனித்தனியே கேட்கப்படும் வினாக்கள் இவை. மூன்றுக்கும் விடை பழனிமலைத் தொடரிலேயே இருக்கிறது. துண்டு துண்டாக அறிந்த செய்திகள் ஒரு நிலத்தின்மேல் வைத்துப் பார்க்கப்படும்போது எவ்வாறு அறிவாக மாறுகின்றன என்பதை விளக்குகிறது இப்பாடம்.

நிலமும் நீரும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து நீள்வது பழனிமலைத் தொடர். மேற்கே ஆனைமலையோடு இணைந்துள்ள இத்தொடர் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுடையது. பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்திலும் தென்பகுதி தேனி மாவட்டத்திலும் அடங்கும். இதன் உயர்ந்த சிகரம் வந்தரவு; உயரம் 2,533 மீட்டர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்கள் அமைந்த கீழ்மலையில் காப்பியும் மிளகும் வாழையும் விளைகின்றன. கோடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் ஆகியவை அமைந்த மேல்மலையில் குளிர் மிகுதி. அங்கே பூண்டும் கிழங்கு வகைகளும் பயிராகின்றன.

இம்மலை ஒரு நீர்ப்பிரிமேடு. வடசரிவில் விழும் மழைநீர் சண்முகநதி முதலிய ஆறுகளின் வழியே அமராவதியை அடைந்து காவிரியில் கலக்கிறது. தென்சரிவில் விழும் நீர் மஞ்சளாறு, மருதாநதி, வராகநதி ஆகியவற்றின் வழியே வைகையைச் சேர்கிறது. ஒரே மேகம் பொழிந்த நீரின் ஒரு பகுதி காவிரிக்கும் மறுபகுதி வைகைக்கும் செல்வதை இங்குக் காணலாம்.

மழை நின்ற பின்னும் இவ்வாறுகளில் நீர் ஓடுவதற்கு மேல்மலையின் இயற்கை அமைப்பே காரணம். பள்ளத்தாக்குகளில் அடர்ந்த சோலைக்காடுகளும் அவற்றைச் சூழ்ந்த குன்றுகளில் பரந்த புல்வெளிகளும் அமைந்துள்ளன. இவற்றின் மண், மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. மலையடிவார வேளாண்மையும் ஊர்களின் குடிநீரும் இந்தச் சேமிப்பை நம்பியே உள்ளன.

தெரிந்து தெளிவோம்

• மஞ்சளாற்றின் மேல் அமைந்த தலையாறு அருவி, தமிழ்நாட்டின் உயரமான அருவியாகும். உயரம் 297 மீட்டர். அதன் தோற்றம் கருதி 'எலிவால் அருவி' என்றும் வழங்குவர்.

• கோடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு என்பவரின் முயற்சியால் 1863ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது.

பழம்பெயர்களும் பழங்குடியினரும்

பழனியின் பழம்பெயர் பொதினி. ஆவியர் குடியினர் இதனை ஆண்டனர். மயிலுக்குப் போர்வை அளித்த வையாவிக் கோப்பெரும் பேகன் அக்குடியைச் சேர்ந்தவன். சங்க இலக்கியம் குறிப்பிடும் கோடைமலையை இன்றைய கோடைக்கானல் பகுதியாகக் கருதுவர். அம்மலைக்குரிய தலைவனாகக் கடிய நெடுவேட்டுவன் பேசப்படுகிறான். தாண்டிக்குடி முதலிய இடங்களில் காணப்படும் கற்திட்டைகள், பெருங்கற்காலத்திலேயே மக்கள் இம்மலையில் வாழ்ந்ததற்குச் சான்றாக நிற்கின்றன.

பளியர், புலையர் ஆகியோர் இம்மலையின் தொல்குடிகள். தேனெடுத்தலும் கிழங்கு அகழ்தலும் பளியரின் மரபுத்தொழில்கள். எழுத்தில் அமைந்த நாள்காட்டி இல்லாத காலத்தில் இம்மலைவாழ் மக்கள் ஒருவரின் அகவையைச் செடியொன்றின் பூப்பைக்கொண்டு கணக்கிட்டனர். ஒருவர் தம் வாழ்நாளில் அப்பூவை ஐந்துமுறை கண்டிருந்தால் அவர் அறுபதை ஒட்டியவர் எனக் கொள்ளலாம். அச்செடியே குறிஞ்சி.

பன்னீராண்டுப் பூ

தமிழர் நிலத்தைப் பகுத்தபோது மலையும் மலைசார்ந்த இடமும் பெற்ற பெயர் குறிஞ்சி. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை நிரல்படக் கூறியுள்ளார். குறிஞ்சிப் பூவிலிருந்து எடுத்த தேனைத் தேவகுலத்தாரின் குறுந்தொகைப் பாடல் சுட்டுகிறது. ஒரு பூவின் பெயரே நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பெயராயிற்று என்றால், அப்பூ மலையை மூடிப் பூத்த காட்சி எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

'ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா' என்பது நீலக்குறிஞ்சியின் தாவரவியல் பெயர். புல்வெளிகளில் குட்டைப் புதராக வளரும் இச்செடி, பன்னிரண்டாம் ஆண்டில் தன் இனத்தோடு ஒருசேரப் பூக்கிறது, விதை உதிர்க்கிறது, பின்னர் மடிகிறது. அவ்விதைகள் முளைத்து அடுத்த சுற்றுக்கு வளர்கின்றன. 1838ஆம் ஆண்டு முதல் இப்பூப்புக் குறித்த பதிவுகள் உள்ளன. 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்த குறிஞ்சி, அடுத்து 2030இல் பூக்கவேண்டும்.

எல்லாச் செடிகளும் ஒரே காலத்தில் பூப்பது ஏன்? விதை தின்னும் உயிரினங்கள் உண்டு முடிக்க இயலாத அளவுக்கு விதைகளை ஒரே பருவத்தில் உதிர்த்தால் ஒரு பகுதியேனும் எஞ்சி முளைக்கும் என்பது அறிவியலாளர் தரும் விளக்கங்களுள் ஒன்று. பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து மடியும் மூங்கில் வகைகளுக்கும், 13 அல்லது 17 ஆண்டுகள் மண்ணுக்குள் வாழ்ந்து ஒருங்கே வெளிவரும் வட அமெரிக்கச் சில்வண்டுகளுக்கும் இவ்விளக்கம் பொருந்தும்.

கோடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயில் 1936இல் கட்டப்பட்டது. மேலைநாட்டில் பிறந்து, சைவ நெறியைத் தழுவி, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் அதனை எழுப்பினார். குறிஞ்சி நிலக் கடவுளாகிய முருகன் பூவின் பெயராலேயே அங்கு வழங்கப்படுகிறான்.

பஞ்சாமிர்தத்தின் கனி

அதே முருகனுக்கு மலையடிவாரத்தில் படைக்கப்படுவது பஞ்சாமிர்தம். வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகிய ஐந்தும் இதன் அடிப்படைப் பொருள்கள். பேரீச்சையும் கற்கண்டும் உடன் சேர்க்கப்படுவதுண்டு. நீர் சேர்ப்பதில்லை, கெடாமல் காக்கும் வேதிப்பொருளும் சேர்ப்பதில்லை. ஆயினும் இது விரைவில் கெடுவதில்லை. சர்க்கரையும் தேனும் மிகுந்திருக்கும் கலவையில் நுண்ணுயிர்கள் புகுந்தால் அவற்றின் உடலிலுள்ள நீர் சவ்வூடு பரவலால் வெளியேறிவிடும். அதனால் அவை பெருக இயலாது. ஊறுகாயில் உப்புச் செய்யும் பணியை இங்குச் சர்க்கரை செய்கிறது.

இக்கலவைக்கு ஏற்ற கனி, நீர்ப்பதம் குறைந்த மலைவாழை. கீழ்மலையில் விளையும் விருப்பாட்சி என்னும் வகை மணத்தாலும் சுவையாலும் பெயர்பெற்றது. ஆனால், அசுவினிப் பூச்சியால் பரவும் முடிக்கொத்து நோய் இவ்வாழையைத் தாக்கியது. இந்நோய் கண்ட வாழையின் இலைகள் நுனியில் கொத்தாகக் குறுகும், குலை தள்ளாது. நச்சுயிரி தாக்கிய மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை. அதன் பக்கக்கன்றும் நோயோடு பிறக்கும். கன்று பெயர்த்து நடுவதே வழக்கமாதலால் உழவர் தம்மை அறியாமலேயே நோயையும் பெயர்த்து நட்டனர். விருப்பாட்சி விளைந்த பரப்பு பெருமளவு சுருங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கி அளித்ததால் இவ்வகை முற்றும் அழியாமல் மீண்டது.

தெரிந்து தெளிவோம்

• ஒரு பொருளின் தரமும் புகழும் அது தோன்றும் நிலப்பகுதியைச் சார்ந்திருக்கும்போது அதற்கு வழங்கப்படும் சட்டப் பாதுகாப்பு புவிசார் குறியீடு. இதற்கான இந்தியச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது.

• விருப்பாட்சி மலைவாழை, சிறுமலை மலைவாழை, பழனிப் பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. பின்னிரண்டும் 2019இல் பெற்றன.

கதிரவனைக் கண்ட மலை

குறிஞ்சியைக் கொண்டு ஆண்டுகளை எண்ணிய மலையில் கதிரவனை நோக்கிய மற்றொரு கணக்கும் தொடங்கியது. அதன் பின்புலத்தில் இருந்தது பசி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது ஆண்டுப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மழை பொய்ப்பதற்கும் கதிரவனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்னும் வினா அப்போது வலுப்பெற்றது. அதனை ஆராயத் தெளிந்த வானமுடைய உயரமான இடம் தேவைப்பட்டது. தென்னிந்திய மலைகள் பலவற்றை ஒப்பிட்டுக் கோடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1899இல் வானாய்வகம் நிறுவப்பட்டது. மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர்.

1909ஆம் ஆண்டு சனவரியில் அங்குப் பணியாற்றிய ஜான் எவர்ஷெட், கதிரவனின் கரும்புள்ளிகளுடைய புறநிழல் பகுதியில் வளிமங்கள் மையத்திலிருந்து வெளிநோக்கி ஆரவடிவில் பாய்வதைக் கண்டறிந்தார். உலக வானியல் நூல்கள் இன்றும் அதனை 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகின்றன. மழையை முன்னறியும் எளிய வழி கரும்புள்ளிகளில் கிட்டவில்லை. எனினும் வானம் தெளிந்த நாள்களில் எல்லாம் எடுக்கப்பட்ட படங்கள் நூறாண்டுக்கும் மேற்பட்ட தொகுப்பாகச் சேர்ந்து, கதிரவனின் நீண்டகால இயல்பை ஆராய்வோர்க்கு அரிய கருவூலமாகியுள்ளன. கரும்புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் என்பது பொதுவான இயல்பு. ஒவ்வொரு சுற்றும் எவ்வாறு வேறுபட்டது என்பதை அறிய இத்தகைய தொகுப்பே துணைசெய்கிறது. இடையறாது பதிந்துவைத்தமையே இத்தொகுப்பின் சிறப்பு.

மரம் பெருகியது, புல் அருகியது

மரம் நடுதல் நற்செயல் என்பது பொதுவிதி. ஆனால், எந்த மரம், எந்த நிலத்தில் என்னும் வினாக்களை எழுப்பாமல் அவ்விதியைப் பின்பற்றினால் நேரும் விளைவைப் பழனிமலை காட்டுகிறது. மேல்மலைப் புல்வெளிகள் பயனற்ற தரிசு எனத் தவறாகக் கருதப்பட்டன. தோல் பதனிடும் துவர்ப்பொருளுக்காகவும் விறகுக்காகவும் மரக்கூழுக்காகவும் ஆஸ்திரேலியச் சீகை, தைலமரம், பைன் ஆகியவை அங்குப் பயிரிடப்பட்டன. சீகை நட்ட எல்லையில் நில்லாமல் தானே விதையூன்றிப் பரவியது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, பழனிமலையின் புல்வெளிப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் கூறுகிறது. மரத்தோட்டங்களும் வேளாண் நிலங்களும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன.

புல்வெளி சுருங்கினால் குறிஞ்சிக்கு இடமில்லை. மலை தேக்கிவைக்கும் நீரும் குறையும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சி 2024இல் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்னும் வகைப்பாட்டில் சேர்க்கப்பட்டது.

இந்நிலையை மாற்றும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. கோடைக்கானல் வனவிலங்குக் காப்பகம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. எல்லையற்றுப் பெருகிய ஊர்திகளை அறிந்து முறைப்படுத்துவதற்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கோடைக்கானல் செல்வோர்க்கு மின்அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. ஆயினும், அயல்மரங்களை ஒரேயடியாக வெட்டுவதும் தீர்வாகாது. சில இடங்களில் சீகையின் நிழலில் சோலை மரக்கன்றுகள் முளைத்து வளர்கின்றன. அங்கு வெட்டினால் மீண்டெழும் சோலையும் அழியும்; புல்வெளியில் வெட்டாமல் விட்டால் புல் அழியும். ஒவ்வோர் இடத்தின் இயல்பையும் அறிந்தே முடிவெடுக்கவேண்டும்.

காத்திருக்கும் செடிகள்

2030இல் பூக்கவேண்டிய குறிஞ்சிச் செடிகள் இனிமேல் தோன்றப்போவன அல்ல. 2018இல் விதை விழுந்த இடங்களில் இப்போதே நிற்கின்றன. பூவில்லாத காலத்தில் அவை வெறும் பசும்புதர்களாகத் தோன்றும். சாலையை அகலப்படுத்துவோரும் கட்டடத்துக்கு நிலம் சமன்செய்வோரும் அவற்றைக் களையெனக் கருதி அகற்ற வாய்ப்புண்டு. பூத்த குறிஞ்சியைக் காணப் பல்லாயிரம் பேர் வருவர். பூக்காத குறிஞ்சியை அடையாளம் காண்போர் மிகச் சிலரே. பளியரின் அகவைக் கணக்கும் வானாய்வகத்தின் படத்தொகுப்பும் இடைவிடாத கவனத்தால் விளைந்தவை. அத்தகைய கவனம் பூவற்ற பதினோர் ஆண்டுகளிலும் தொடர்ந்தால்தான் பன்னிரண்டாம் ஆண்டில் மலை நீலமாகும். இன்று பதினோராம் வகுப்பில் பயில்வோர் அவ்வாண்டில் வாக்களிக்கும் குடிமக்களாக இருப்பர். குறிஞ்சி என்னும் சொல் நிலத்தின் பெயராக நிலைப்பதா, இலக்கணத்தில் மட்டும் எஞ்சுவதா என்பது அவர்கள் கையிலும் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. நும் ஊரில் பாயும் ஆறு, கால்வாய் அல்லது ஏரிக்கு நீர் எம்மலையிலிருந்து அல்லது எப்பகுதியிலிருந்து வருகிறது என்பதை அறிந்து படம் வரைக.

2. நும் மாவட்டத்தில் புவிசார் குறியீடு பெற்ற பொருளொன்றைத் தேர்ந்து, அது எம்மண்ணையும் எத்தொழிலையும் சார்ந்துள்ளது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'மரம் நடுதல் எல்லா நிலத்துக்கும் நன்மையே' என்னும் பொருளில் ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் உரையாடுக.

4. பள்ளி வளாகத்திலுள்ள ஒரு மரத்தின் தளிர்த்தல், பூத்தல், காய்த்தல் ஆகியவற்றை ஓராண்டு முழுதும் நாள் குறித்துப் பதிவு செய்க.