செய்தி வரிசை மென்பொருளின் பாதுகாப்புக் குறைபாடுகள்

செய்தி வரிசை மென்பொருள் என்பது ஒரு நிறுவனத்தின் வெவ்வேறு கணினி நிரல்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் இடைநிலை மென்பொருள் ஆகும். ஐ.பி.எம். எம்.கியூ, மைக்ரோசாப்ட் மெசேஜ் கியூயிங், அப்பாச்சி ஆக்டிவ்எம்கியூ, ராபிட்எம்கியூ ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. வங்கி, காப்பீடு, வணிகம் போன்ற துறைகளில் இவை பயன்படுகின்றன. கொடுத்த செய்தியைத் தொலைக்காமல் கொண்டு சேர்ப்பதே இவற்றின் பணி. செய்தி உண்மையானதா, அதை அனுப்பியவருக்கு அந்த உரிமை உண்டா என்பதைச் சரிபார்க்கும் ஏற்பாட்டை நிறுவனம்தான் செய்துகொள்ள வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்திலும், மென்பொருளின் நிரலிலேயே பிழை இருக்கும் இடத்திலும் பாதுகாப்புக் குறைபாடுகள் தோன்றுகின்றன.

செயல்படும் விதம்

காவிரிப் படுகையில் ஒரு விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் விற்றால், அதற்கான தொகை அவருடைய வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இத்தகைய பணப் பட்டுவாடாக் கட்டளை பல கணினிகளைக் கடந்து செல்கிறது. இடையில் ஒரு கணினி நின்றுபோனால் கட்டளை தொலைந்துவிடக் கூடாது. இருமுறை நிறைவேறவும் கூடாது. கொள்முதல் நிலையத்தில் எடை போடுவது சிறிது நேரம் தடைபட்டாலும், குவித்து வைத்த நெல் தன் முறைக்காகக் காத்திருக்கும். செய்தி வரிசையிலும் அவ்வாறே, பெறும் நிரல் தயாராகும் வரை செய்தி காத்திருக்கிறது. அனுப்பும் நிரலும் பெறும் நிரலும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டியதில்லை என்பது இம்முறையின் பெரும் பயன்.

ஐ.பி.எம். நிறுவனம் தன் செய்தி வரிசை மென்பொருளை 1993இல் வெளியிட்டது. அக்காலத்தில் இத்தகைய மென்பொருள்கள் நிறுவனத்தின் உள் வலையமைப்பில் மட்டுமே இயங்கும் என்று கருதப்பட்டது. உள்ளே இருப்பவர் நம்பத்தக்கவர் என்ற இந்த எண்ணம், வலையமைப்புகள் இணையத்தோடு இணைந்த பிறகும் பல இடங்களில் மாறாமல் நின்றது.

குறைபாட்டின் வகைகள்

1. அடையாளச் சோதனை இன்மை: வரிசையோடு இணையும் நிரல் தன்னை யார் என்று சொல்கிறதோ அதையே ஏற்றுக்கொள்ளும் அமைப்பு ஆபத்தானது. ஐ.பி.எம். எம்.கியூவின் பழைய பதிப்புகளில் இணைப்புத் தடங்களை முறையாக அமைக்காவிட்டால், வெளியிலிருந்து வருபவர் நிர்வாகியின் பெயரைச் சொல்லியே உள்ளே நுழைய முடிந்தது. 2011இல் வந்த 7.1 பதிப்பில் தடங்களுக்கான அனுமதி விதிகள் சேர்க்கப்பட்டன.

2. மாற்றப்படாத கடவுச்சொல்: ராபிட்எம்கியூவில் ‘கெஸ்ட்’ என்பதே தொடக்கப் பயனர் பெயர், அதுவே கடவுச்சொல்லும்கூட. 3.3.0 பதிப்பு முதல், இப்பயனர் அதே கணினியிலிருந்து மட்டுமே இணைய முடியும் என்று இயல்பமைப்பு மாற்றப்பட்டது.

3. மறைகுறியாக்கம் இன்மை: செய்திகள் வெளிப்படையாகச் சென்றால், வலையமைப்பில் நுழைந்தவர் அவற்றைப் படிக்கலாம், தொகையையோ கணக்கு எண்ணையோ மாற்றவும் முயலலாம்.

4. நிரல் பிழைகள்: வரும் செய்தியைப் பிரித்துப் படிக்கும் பகுதியில் பிழை இருந்தால், தாக்குபவர் தனக்கேற்ப வடிவமைத்த ஒரு செய்தியை அனுப்பி, சர்வரில் தன் நிரலை இயக்க முடியும். நான்கு வகைகளில் மிகக் கடுமையான விளைவுகளைத் தரக்கூடியது இது.

2023ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகள்

2023 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் மெசேஜ் கியூயிங்கில் இருந்த ஒரு குறைபாட்டுக்கு (சி.வி.இ.-2023-21554) திருத்தம் வெளியானது. செக் பாயிண்ட் ஆய்வுக் குழு இதற்கு ‘கியூஜம்பர்’ என்று பெயரிட்டது. 1801ஆம் எண் போர்ட்டுக்கு ஒரு செய்தியை அனுப்பினாலே, கடவுச்சொல் எதுவும் இன்றி, சர்வரைக் கைப்பற்ற வாய்ப்பிருந்தது. கடுமைக்கான அளவீட்டில் இது 10க்கு 9.8 பெற்றது. இச்சேவையை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த 3,60,000க்கும் மேற்பட்ட முகவரிகளை அக்குழு கண்டறிந்தது. வேறு மென்பொருளை நிறுவும்போது இச்சேவையும் சேர்ந்து இயங்கத் தொடங்கலாம் என்பதால், அது தம் கணினியில் இருப்பதையே அறியாத நிர்வாகிகள் இருக்கக்கூடும்.

அதே ஆண்டு அக்டோபரில் ஆக்டிவ்எம்கியூவில் மற்றொரு குறைபாடு (சி.வி.இ.-2023-46604) வெளிப்பட்டது. செய்தியில் குறிப்பிடப்படும் நிரல் வகுப்பின் பெயரைச் சோதிக்காமலேயே அதை உருவாக்கியதுதான் பிழை. இதன்மூலம் தாக்குபவர் தொலைவில் வைத்திருக்கும் ஒரு கோப்பைச் சர்வரே எடுத்து இயக்கும்படி செய்ய முடிந்தது. திருத்தம் வெளிவந்த சில நாட்களிலேயே, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ‘ஹலோகிட்டி’ வகைத் தீநிரலைப் பரப்பும் முயற்சியில் இக்குறைபாடு பயன்படுத்தப்பட்டது.

கும்பகோணம் நிகழ்வு, 2018

போலிச் செய்தி ஒன்று அமைப்புக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1904இல் தொடங்கப்பட்ட, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 2018 பிப்ரவரியில் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. இது மேற்சொன்னவை போன்ற வரிசை மென்பொருள் பிழையாக அறிவிக்கப்பட்ட நிகழ்வு அன்று. வங்கிகளுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியே போலிக் கட்டளைகள் அனுப்பப்பட்ட நிகழ்வு.

மூன்று கட்டளைகள் சென்றன. நியூயார்க் வழியாகத் துபாய்க்கு 5 லட்சம் டாலர், பிராங்பர்ட் வழியாகத் துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, நியூயார்க் வழியாகச் சீனாவுக்கு 10 லட்சம் டாலர். ஒப்புகைச் செய்திகளை அச்சிடும் பிரிண்டர் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்ததால், அன்று மாலை ஊழியர்களுக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் பிப்ரவரி 7 அன்று கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தபோது மோசடி வெளிப்பட்டது. துபாய்க்கும் துருக்கிக்கும் சென்ற தொகைகள் தடுக்கப்பட்டன. 2016இல் வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் பறிபோன நிகழ்விலும் பிரிண்டர் இவ்வாறே முடக்கப்பட்டிருந்தது.

அதே பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியும் வெளியானது. அங்கு ஸ்விஃப்ட் செய்திகள் வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் பதிவாகாமலேயே அனுப்பப்பட்டிருந்தன. இவ்விரு அமைப்புகளையும் நேரடியாக இணைக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி வற்புறுத்தியது. கணக்கில் பதிவாகாத கட்டளை வெளியே செல்வதை இந்த இணைப்பு தடுக்கிறது. அதே வேளையில், இரண்டையும் இணைக்கும் வழியாகச் செய்தி வரிசை அமைந்தால் அதன் பாதுகாப்பே முழு அமைப்பின் பாதுகாப்பாகிறது. வரிசையில் நேரடியாக ஒரு செய்தியைப் போட முடிந்தவருக்கு மையக் கணக்கு மென்பொருளின் சோதனைகள் தடையாக இரா.

தடுப்பு முறைகள்

- வரிசைச் சேவையின் போர்ட்டுகளை இணையத்துக்குத் திறந்து வைக்காமல், தேவையான கணினிகளுக்கு மட்டும் அனுமதி அளித்தல்.
- திருத்தங்கள் வெளியானவுடன் நிறுவுதல்; பயன்படாத வரிசைச் சேவைகளை நீக்குதல்.
- ஒவ்வொரு நிரலுக்கும் தனி அடையாளம் தருதல். எந்த வரிசையில் எழுதலாம், எதைப் படிக்கலாம் என்று வரையறுத்தல்.
- இணைப்பை மறைகுறியாக்குதல். அதோடு, ஒவ்வொரு செய்திக்கும் மின்னணு முத்திரை இடுதல். முத்திரை பொருந்தாத செய்தியைப் பெறும் நிரல் ஏற்காது. உள் கணக்கு மென்பொருளுக்கும் ஸ்விஃப்ட் மென்பொருளுக்கும் இடையே இவ்வகை முத்திரைக்கு வசதி உண்டு.
- அனுப்பிய செய்திகளையும் கணக்குப் பதிவுகளையும், செய்தி செல்லும் அதே வழியைச் சாராமல், தனியாக ஒப்பிடுதல். பிரிண்டரோ திரையோ வேலை செய்யாததைப் பழுது என்று விட்டுவிடாமல், எச்சரிக்கையாகக் கொண்டு உடனே விசாரித்தல்.

இவற்றுள் முதல் நான்கும் போலிச் செய்தி நுழைவதைத் தடுப்பவை. ஐந்தாவது, நுழைந்துவிட்டதைக் கண்டுபிடிப்பது. கும்பகோணத்தில் மோசடியை வெளிக்கொணர்ந்தது இந்த ஐந்தாவது முறையே.