நட்டாலத்து நீலகண்டனும் யோபுவின் கதையும்

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டுத் தில்லி வந்து வாழும் நமக்கு, நோயோ இழப்போ நேரும்போது முதலில் உறைப்பது உறவினரின் சேய்மையேயாகும். ஊரிலாயின் செய்தி பரவுமுன்னே திண்ணை நிறைந்துவிடும். இங்கோ தொலைபேசியில் ஆறுதல் மொழி உடனே வரும். குமரி முனையிலிருந்து ரயிலேறும் ஆள் வந்து சேர இரண்டு இரவுகளாகும். அவ்விரண்டு இரவுகளையும் எதைப் பற்றிக்கொண்டு கழிப்பது?

இவ்வினாவை எண்ணும்போது, அக்குமரி மாவட்டத்திலே பிறந்த ஒருவரின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் போப் பிரான்சிஸ் அவர்களால் புனிதராக அறிவிக்கப்பெற்ற தேவசகாயமே அவர். இந்தியாவில் குருவோ துறவியோ அல்லாத இல்லறத்தார் ஒருவர் இந்நிலை எய்தியது அதுவே முதன்முறை.

1712-இல் நட்டாலத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் அரசாங்க அலுவல் பார்த்தவர். பதவியும் நிலபுலமும் மதிப்பும் உடையவராக வாழ்ந்து வருகையில், கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது, அவர் மனம் சோர்ந்தார் என்று வரலாறு கூறும்.

அவ்வேளை அவருக்குத் துணையானவர் டிலனாய் என்னும் ஐரோப்பியர். 1741-இல் குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்த இவர், சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னரின் படைகளையே பயிற்றுவிக்கும் தளபதியானார். மக்கள் 'வலிய கப்பித்தான்' என்றழைத்தனர். தாய்நாட்டை மீண்டும் காணாமலே 1777-இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவருடைய கல்லறையில் இலத்தீன் எழுத்தோடு தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது.

நாடிழந்த அம்மனிதர், பொருளிழந்த நண்பருக்கு விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார். செல்வம், மக்கள், உடல்நலம் அனைத்தையும் இழந்தும் இறைவனைக் கைவிடாத நல்லவன் யோபு. அவனைக் காணவந்த நண்பர் மூவர் ஏழு நாள் வாய்திறவாது அவனருகே தரையில் அமர்ந்திருந்தனர். பிறகு பேசத் தொடங்கி, 'நீ செய்த பாவமே இதற்குக் காரணம்' என்று வாதிட்டனர். முடிவில் இறைவன் கடிந்துகொண்டது அந்நண்பர்களையே.

நீலகண்டனார் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பின் துன்பம் நீங்கிற்றா எனில், இல்லை, பெருகிற்று. அவர் சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகியது பலருக்குப் பகையாயிற்று. 1749-இல் கைது செய்யப்பட்டார். தண்டனைக்கு மதமாற்றமே காரணமா, அரசியல் ஐயங்களும் இருந்தனவா என்பது பற்றி வரலாற்று ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் பட்ட பாடுகளை மட்டும் மக்கள் மறக்கவில்லை. எருமை மீதேற்றி ஊர் ஊராக அவரைக் கொண்டு சென்றதும், பெருவிளையில் வேப்பமரத்தில் பிணித்து வைத்ததும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றன. அம்மரத்தடிக்கு ஆறுதல் தேடி வந்தோருக்கு, கட்டுண்டிருந்த அவரே ஆறுதல் மொழிந்தாராம். 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடலின் எச்சங்கள் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டன. மனைவி ஞானப்பூ அம்மையார் பிறந்த மண்ணை விட்டு வடக்கன்குளத்தில் குடியேறி, எஞ்சிய நாள்களைக் கழித்தார்.

யோபு இழந்ததையெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பப் பெற்றான் என்று அக்கதை முடிகிறது. தேவசகாயம் ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. விசுவாசம் இடர்களை விலக்கும் காப்பு என்று எண்ணுவோர்க்கு இவ்வாழ்வு விளங்காது. இடருக்குள்ளும் தம் இறைவன் உடனிருக்கிறார் என்ற தெளிவே அவரைத் தாங்கிற்று. அத்தெளிவை அவருக்கு உணர்த்த ஒரு நண்பர் வேண்டியிருந்தார். அந்நண்பர் துன்பம் இன்னதென்று அறிந்தவராயிருந்தார். பெற்ற ஆறுதலைத் தேவசகாயமும் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் வேப்பமரத்தடியில் பிறர்க்கு அளித்தார்.

கோயிலுக்குச் செல்வோரும் மாதாகோயிலுக்குச் செல்வோரும் பள்ளிவாசலுக்குச் செல்வோரும் சேர்ந்ததே நம் தில்லித் தமிழ்ச் சமூகம். எய்ம்ஸ் மருத்துவமனை வாயிலில் மொழி புரியாது காத்திருக்கும் ஊர்க்காரரையோ, குடும்பத் தலைவரை இழந்து தவிக்கும் அண்டை வீட்டாரையோ காணும்போது, 'ஏன் வந்தது, எதனால் வந்தது' என்று ஆராய்தல் நம் வேலையன்று. மருந்துச் சீட்டை வாங்கிப் படித்துச் சொல்லலாம்; ஒரு வேளை உணவு கொண்டு செல்லலாம்; சொல்ல ஒன்றும் இல்லையெனில் அருகே அமர்ந்திருக்கலாம். யோபுவின் நண்பர்கள் அவனுக்குச் செய்த நன்மை அந்த முதல் ஏழு நாள்களில்தான் இருந்தது. ஊரிலிருந்து ஆள் வந்து சேரும்வரை, அந்த இரண்டு இரவுகளுக்கு நாமே உறவாக இருப்போமாக.