பிடிக்கவில்லை என்றாலும் பேசுவோம்

ஒரு நாவலைப் படித்து முடித்ததும் அதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். ஆங்கில நாவல் என்றால் கவலை இல்லை. வகுப்புத் தோழர்களில் இரண்டு பேராவது அதைப் படித்திருப்பார்கள். தமிழ் நாவல் என்றால்? யாரிடம் சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்ற தயக்கம் வந்துவிடுகிறது.

இருமொழிக் கல்வியில் வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தத் தயக்கம் உண்டு. பள்ளியில் தமிழ்ப் பகுதியைப் படிப்பது பெரும்பாலும் கருத்தறிதல் வினாக்களுக்கு விடை எழுதத்தான். விடை சரியாக இருக்க வேண்டும். மதிப்பெண் கிடைக்க வேண்டும். “உனக்கு இந்தக் கதை பிடித்ததா? ஏன் பிடிக்கவில்லை?” என்று கேள்வித்தாள் கேட்பதில்லை. அதனால் தமிழில் நமக்கு விடைகள் இருக்கின்றன, கருத்துகள் குறைவு. கடைசித் தாளை எழுதி முடித்ததும் தமிழை மூடி வைத்துவிடும் ஆபத்து இங்குதான் தொடங்குகிறது.

வாசகர் கேள்வியில் பிறந்த நாவல்

வாசகர்களின் கருத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்குத் தமிழிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1966ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதை வெளிவந்தது. மழை நாளில் காரில் வந்த அந்நியன் ஒருவனால் பாதிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள் ஒரு கல்லூரி மாணவி. தாய் அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, அவள் மீது களங்கம் இல்லை என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவைப் பாராட்டியவர்களும் இருந்தனர், கொதித்தவர்களும் இருந்தனர்.

அந்த விவாதம் ஜெயகாந்தனை விடவில்லை. தாய் அவளை அப்படி ஏற்றுக்கொள்ளாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அவர் எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அந்த நாவலுக்கு 1972ல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. வாசகர்கள் “நல்ல கதை” என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால் நமக்கு அந்த நாவல் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இன்னொரு வகை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மேடான், பினாங்கு என நமக்கு அக்கம்பக்கத்து ஊர்களில் நடக்கும் கதை அது. 1972ல் நூலாக வந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பின்னாளில் படித்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லியே அது தமிழின் முக்கிய நாவல்களில் ஒன்றாக நிலைபெற்றது.

ஐந்து பேர், இரண்டு மொழிகள்

நாங்கள் ஐந்து நண்பர்கள் அண்மையில் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யைப் படித்தோம். 2023ல் அனைத்துலக புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்ற நாவல் அது. மூவர் தமிழில் படித்தோம். இருவர் ‘பயர்’ என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தார்கள். தேக்கா நிலையத்தில் தே தாரிக்குடன் பேசத் தொடங்கினோம். அரை மணி நேரம் என்று திட்டமிட்ட பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது.

சாதி கடந்து மணம் புரிந்த குமரேசன், சரோஜாவைத் தன் கிராமத்திற்கு அழைத்து வருகிறான். எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறான். “அவன் நல்லவன்” என்றாள் ஒரு தோழி. “நல்லவன் என்றால் போதுமா? என்ன நடக்கும் என்று அவளிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா?” என்று கேட்டான் இன்னொருவன். ஆங்கிலத்தில் படித்தவர்கள் கதையின் வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். தமிழில் படித்த எங்களுக்குக் குமரேசனின் தாய் மாராயியின் வசவுகள் காதிலேயே ஒலித்தன. கொங்கு வட்டார வழக்கு முதலில் கடினமாக இருந்தது. உரையாடல்களை வாய்விட்டுப் படித்தபோது எளிதாகப் புரிந்தது.

ஒருவருக்கு முடிவு சுத்தமாகப் பிடிக்கவில்லை. வாசகரை அந்தரத்தில் விட்டுவிட்டார் என்பது அவர் வாதம். அவரை மறுக்க, எல்லாரும் கடைசிப் பக்கங்களை மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. பாராட்டுரையைவிட அந்த ஒரு “பிடிக்கவில்லை”தான் எங்களைக் கவனமாக வாசிக்க வைத்தது.

தொடங்குவது எப்படி?

சிங்கப்பூரில் இது புதிய பழக்கம் அல்ல. அங் மோ கியோ நூலகத்தில் கூடிப் பேசிவரும் வாசகர் வட்டம், நம் வயதைவிட மூத்தது. உள்ளூர் நாவல்களுக்கும் குறைவில்லை. கலாசாரப் பதக்கம் பெற்ற மா. இளங்கண்ணனின் ‘வைகறைப் பூக்கள்’ ஜப்பானியர் ஆட்சிக்காலத்தைப் பேசுகிறது. அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. பொன்விழா ஆண்டான 2015ல் நிறைவேறிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் மூலம் சிங்கப்பூர் எழுத்தாளர்களின் நூற்றுக்கணக்கான நூல்களை மின்வடிவில் படிக்கலாம்.

பெரிய குழு தேவையில்லை. மூன்று பேர் போதும். 200 பக்கங்களுக்குள் இருக்கும் நாவலாகத் தேர்ந்தெடுங்கள். தமிழ் வேகமாகப் படிக்க வராதவர் மொழிபெயர்ப்பில் படிக்கட்டும். அவரை ஒதுக்க வேண்டாம். கதைச் சுருக்கம் சொல்லி நேரத்தைப் போக்காமல், உங்களை உறுத்திய ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் குழுவில் ஒரே ஒரு விதிதான்: முதல் பத்து நிமிடம் தமிழில் பேச வேண்டும். சொல் கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். பத்து நிமிடம் முடிந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

வாய்மொழித் தேர்வில் பேசும் தமிழுக்கு மதிப்பெண் கிடைக்கும். நண்பருடன் ஒரு கதாபாத்திரத்திற்காகச் சண்டை போடும் தமிழுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் பள்ளி முடிந்த பிறகும் நம்முடன் தங்கப்போவது அந்தத் தமிழ்தான். வரும் விடுமுறையில் ஒரு நாவலை எடுத்துப் படியுங்கள். பிடித்தால் ஏன் என்று சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் கட்டாயம் சொல்லுங்கள்.