புழுவை வழுக்கவிடும் கோழை

கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் போகிறவர்கள் மண்ணிலிருந்து பிடுங்கிய கேரட்டைக் கையால் துடைத்து அப்படியே கடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். (நீங்களே கடித்திருக்கலாம்!) மனித மலம் கலந்த ஈரமண்ணில் சாட்டைப்புழுவின் முட்டை சில வாரங்களில் முதிர்ந்துவிடும். கழுவாத காய்கறியோடு வயிற்றுக்குள் போவது அதற்கு எளிது.

3 முதல் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள இப்புழு, நூல் போன்ற தன் முன்பகுதியைப் பெருங்குடல் சுவருக்குள் செருகிக்கொண்டு வாழும். நிறையப் புழுக்கள் சேர்ந்தால் குழந்தைக்குச் சீதபேதி, இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு. சீதம் என்றால் என்ன? கோழைதான்!

குடல் சுவரிலுள்ள கிண்ண வடிவச் செல்கள் கோழையைச் சுரக்கின்றன. அதன் பிசுபிசுப்புக்குக் காரணம் மியூசின் என்னும் புரதம். இந்த மியூசின் வலையை அறுக்கும் நொதியைப் புழு சுரக்கிறது. உடல் சும்மா இருக்குமா? இன்டர்லூக்கின்-13 என்னும் வேதிப்பொருள் வழியே செய்தி பறக்கிறது. கிண்ணச் செல்கள் பெருகுகின்றன. வேடிக்கை என்னவென்றால், வழக்கமாக இரைப்பையிலும் மூச்சுக்குழாயிலும் சுரக்கும் வேறொரு மியூசின் அப்போது குடலிலும் சுரக்கிறது! 2011இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மியூசின் இல்லாத எலிகளைச் சோதித்தார்கள். மற்ற எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தும், எலிகளுக்கு வரும் சாட்டைப்புழுவை அவற்றால் வெளியேற்ற முடியவில்லை.

குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் நீங்கள் சப்பித் தின்னும் அல்பெண்டசோல் மாத்திரை உருண்டைப்புழுவை நன்றாக விரட்டும். சாட்டைப்புழுவிடம் ஒரே வேளை மாத்திரை அவ்வளவாகப் பலிப்பதில்லை. அங்கே இன்னமும் கோழையைத்தான் பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது.