லயத்தில் ஒரு வானொலி, கைப்பேசியில் ஒரு கணக்கு

பேராக் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது பாகான் டத்தோ. 2017இல் பேராக் மாநிலத்தின் 12ஆவது மாவட்டமாக ஆவதற்கு முன் ஹிலிர் பேராக்கின் ஒரு பகுதியாக இருந்தது. தென்னைக்குப் பேர்போன மண். ஊத்தான் மெலிந்தாங், சுங்கை சுமுன், ரூங்குப் என்று சாலை நெடுகத் தென்னையும் செம்பனையும் மாறி மாறி வரும். 1906இல் ரப்பருக்காகத் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் இன்று செம்பனைத் தோட்டம். இந்த வட்டாரத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பாட்டுக் கேட்ட மக்கள் அவற்றை விட்டு வெளியேறிவிட்டார்கள். பாட்டுக் கேட்கும் பழக்கத்தை மட்டும் எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போனார்கள். பாட்டு வரும் கருவியை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று அன்று எப்படி முடிவானது, இன்று எப்படி முடிவாகிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. தமிழும் அதன் மொழிகளில் ஒன்று. 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், கிராமங்களிலும் தோட்டங்களிலும் எல்லாரும் கூடிக் கேட்க அரசாங்கமே வானொலிப் பெட்டிகளை வைத்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, வீட்டுக்கு ஒன்று என்ற நிலை மெல்ல மெல்ல வந்தது. பல தோட்டங்களில் மின்சாரம் மாலையில் சில மணி நேரம்தான், இஞ்சின் நின்றால் விளக்கும் நின்றுவிடும். டிரான்சிஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை, பேட்டரி போதும். பேட்டரிக்குக் காசு வேண்டும் என்பதால் எந்த நேரத்தில் திருப்புவது, எந்த நேரத்தில் அணைப்பது என்பதில் வீட்டில் கட்டுப்பாடு இருந்தது.

பெட்டி இருந்த இடமே அதற்குப் பாதுகாப்பு. பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை, அதன்மேல் வானொலி, வானொலிமேல் பூப்போட்ட துணி. அலைவரிசை முள்ளைத் திருப்பும் உரிமை அப்பாவுக்கு, அவர் இல்லாதபோது மூத்த அண்ணனுக்கு. அம்மாவுக்குக்கூட அந்த உரிமை இல்லாத வீடுகள் பல. ஆனால் கேட்கும் உரிமைக்கு வரம்பு கிடையாது. லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஒரு வீட்டில் பாடினால் நான்கு வீட்டில் கேட்கும். தொலைக்காட்சிக்கு ஆண்டுக்கு 24 ரிங்கிட் உரிமக் கட்டணம் இருந்த காலத்திலும், அது ஒரு வீட்டின் பேரில் இருந்ததே தவிர, வாசலில் நின்று எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எவரும் எண்ணவில்லை.

நேயர் விருப்பம் கேட்டவர்களின் பெயரையும் தோட்டத்தையும் சேர்த்தே அறிவிப்பாளர் வாசிப்பார். இந்தத் தோட்டத்து இன்னார் இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார் என்பது மறுநாள் வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில் பேச்சாக இருக்கும். யாருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பது அன்று ஊரறிந்த சங்கதி. இன்று அது பாட்டுச் செயலி நடத்தும் நிறுவனத்துக்குத் தெரிகிறது, பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

கேசட் வந்த பிறகு பாட்டுக்கு முதன்முதலாக ஒரு சொந்தக்காரர் உண்டானார். 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தோடு இளையராஜா வந்தார். அதையடுத்த ஆண்டுகளில் பட்டணத்துக் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு, பதிவான கேசட்டை இன்னொரு நாள் போய் வாங்கி வருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 14 பாட்டு. அதைப் பாதுகாக்கவும் ஒரு வழி இருந்தது. கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். கத்தி முனையால் அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் உள்ளே போகாது. மனம் மாறி மறுபடி பதிய வேண்டுமென்றால் அந்தக் குழியின்மேல் செலோபன் டேப்பை ஒட்டினால் போதும். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுப் பாட்டுக்கு இருந்த முழுப் பூட்டும் அதுதான். கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவிச் சரிபார்க்கலாம். இரவல் போன கேசட் திரும்பி வராவிட்டால் யார் வீட்டில் இருக்கிறது என்பதும் தெரியும், ஏனென்றால் அங்கிருந்து பாட்டு வரும்.

2013 ஏப்ரலில் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி மலேசியாவுக்கு வந்தது. கட்டணச் சந்தாவில் ஒரு கருவியில் 10,000 பாட்டுவரை இறக்கி வைத்துக்கொள்ளலாம். நம் 60 நிமிடக் கேசட் கணக்கில் அது 700 கேசட்டுக்கு மேல். அப்படி ஐந்து கருவிகளில் வைக்கலாம். இறக்கிய பாட்டு அழியாமல் இருக்க 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைய வேண்டும். எவ்வளவு இறக்கினாலும் அது நம் சொத்து ஆவதில்லை, சந்தா நின்றால் போய்விடும்.

கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முள்ளைத் திருப்ப உரிமை இல்லாதிருந்த அம்மாவின் கையில் இன்று தனக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. எழுபது வயதில், தான் சிறுமியாக இருந்தபோது கேட்ட பாட்டைப் பெயர் சொல்லித் தேடி, எவர் அனுமதியும் இல்லாமல் கேட்கிறார். இந்த ஒன்றுக்காகவே இன்றைய ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

ஆனால் பூட்டு கண்ணுக்குத் தெரியாததாகிவிட்டது. தெலுக் இந்தானில் இருக்கும் உறவுக்கார அக்கா ஒருவர் ஒருநாள் கூப்பிட்டு, “தம்பி, சுசீலா பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன், பாதியில நின்னுபோச்சு. வேற எங்கயோ பாடுதுன்னு காட்டுது. நீயா போட்ட?” என்றார். நான் போடவில்லை, பிள்ளைகளும் போடவில்லை. அவர் அண்மையில் கேட்டதாகச் செயலி காட்டிய பட்டியலில், அவருக்குத் தெரியாத மொழியில் வரிசையாகப் பாட்டுகள் இருந்தன. அவர் உருவாக்காத தொகுப்பு ஒன்றும் இருந்தது. தனிநபர் சந்தாவில் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் பாடும். வேறு யாரோ அழுத்தினால் நம்முடையது நின்றுவிடும். இப்படி நிற்பதுதான் பெரும்பாலும் முதல் எச்சரிக்கை.

எப்படி நுழைகிறார்கள் என்பதற்கு 2020இல் வெளியே தெரியவந்த ஒரு சம்பவம் நல்ல உதாரணம். விபிஎன்மென்டர் என்ற குழுவின் ஆய்வாளர்கள் இணையத்தில் திறந்து கிடந்த ஒரு தரவுத் தொகுப்பைக் கண்டார்கள். அதில் 38 கோடிப் பதிவுகள் இருந்தன. அதைக் கொண்டு 3 லட்சம் முதல் 3.5 லட்சம் வரை ஸ்பாட்டிஃபை கணக்குகள் குறிவைக்கப்பட்டிருந்தன. ஸ்பாட்டிஃபையின் கதவு உடைக்கப்படவில்லை. வேறெங்கோ திருடுபோன மின்னஞ்சல் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் எடுத்துவந்து இங்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கும் அலமாரிக்கும் சைக்கிளுக்கும் ஒரே சாவி வைத்திருந்தால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. பாதிக்கப்பட்டவர்களின் கடவுச்சொற்களை நிறுவனம் மாற்றவைத்தது. அக்காவின் கதையும் இதே வகைதான். எப்போதோ பொருள் வாங்கிய ஒரு இணையக் கடைக்கும், மின்னஞ்சலுக்கும், பாட்டுக்கும் ஒரே கடவுச்சொல்.

சரிசெய்வதில் வரிசை முக்கியம். பலர் பாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சலின் கடவுச்சொல், ஏனென்றால் மற்றவற்றை மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து சேரும். கூகுள் கணக்கின் வழியாகவோ ஃபேஸ்புக் வழியாகவோ நுழைபவர் என்றால் அந்தக் கணக்கைத்தான் முதலில் காக்க வேண்டும். அடுத்தது பாட்டுக் கணக்கின் கடவுச்சொல், பிறகு எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறுவது. ஸ்பாட்டிஃபையில் இதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. ஆனால் தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, விளையாட்டுப் பெட்டி போன்றவற்றை அது வெளியேற்றாது. இணைக்கப்பட்ட செயலிகளின் பக்கத்துக்குப் போய் அவற்றின் அனுமதியைத் தனியாக நீக்க வேண்டும். கூகுள் கணக்கில் கருவிகளின் பட்டியலே தெரியும். கைப்பேசியின் பெயர், கடைசியாக எந்த வட்டாரத்தில் எப்போது பயன்பட்டது என்பதைப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்கலாம். அக்காவின் கணக்கில் திருடனை வெளியேற்றிய பிறகும் ஒரு தொலைக்காட்சி மிச்சம் இருந்தது. மகன் கிள்ளானில் வாடகைக்கு இருந்த அறையை விட்டு வந்தபோது அப்படியே விட்டு வந்தது. அந்த அறையில் இப்போது இருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினார், பாட்டு வந்தது, அவ்வளவுதான். விற்ற கைப்பேசியும் கைமாறிய காரும் இப்படித்தான் நம் கணக்கைக் கூடவே கொண்டு போகின்றன.

நம் மக்கள் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று இளையவர்கள் குறை சொல்வதைக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே லயத்தில் வளர்ந்த அண்ணன் தம்பிகள் இன்று ஒருவர் ஈப்போவில், ஒருவர் கிள்ளானில், ஒருவர் சிங்கப்பூரில், பெற்றோர் இன்னும் பாகான் டத்தோவில். குடும்பச் சந்தா ஆறு பேர்வரை இடம் தருகிறது, ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல். ஆனால் அனைவரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்பது விதி. தோட்டம் இருந்தவரை அந்த விதிக்கு நம் குடும்பங்கள் பொருந்தியிருக்கும். தோட்டம் கைமாறி, வேலை தேடிப் பிரிந்துபோன குடும்பம் பொருந்துவதில்லை. அதனால் ஒருவர் சந்தா கட்டுகிறார், கடவுச்சொல் வாட்ஸ்அப்பில் போகிறது, ஒருவர் கேட்கும்போது மற்றவருக்கு நின்றுபோகிறது. பலகைச் சுவர் வழியாகப் போன பாட்டு அடுத்த வீட்டோடு நின்றது. வாட்ஸ்அப்பில் போன கடவுச்சொல் மருமகனின் நண்பனிடமும் போகும், தொலைந்த கைப்பேசியிலும் கிடக்கும். பகிர்ந்த பழக்கம் ஒன்றுதான், அது எங்கே போய் நிற்கும் என்பதுதான் மாறிவிட்டது.

முடிந்தவரை ஆளுக்கொரு கணக்கு என்று பிரித்துக்கொள்வதே நல்லது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குக் குடும்பச் சந்தா, வெளியூரில் இருப்பவருக்குத் தனிச் சந்தா அல்லது விளம்பரத்தோடு வரும் இலவசச் சேவை. கடவுச்சொல்லை மாற்றியதும் பழைய வாட்ஸ்அப் செய்தியைத் தேடி அழித்துவிட வேண்டும். பெற்றோரின் கணக்கு பிள்ளையின் மின்னஞ்சலில் இருக்கக்கூடாது, அவர்கள் பேரிலேயே இருக்க வேண்டும். கருவிப் பட்டியலைச் சரிபார்க்கத் தீபாவளி நல்ல நாள். பட்டியலில் கருவியின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அது யாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் இருப்பது அன்றைக்குத்தான். எவரும் தன்னுடையது என்று சொல்லாததை அம்மாவே தன் விரலால் நீக்கட்டும்.