வீட்டுப் பூனையும் வந்து சேர்ந்த குட்டியும்

சங்ககிரியில் லாரிகளுக்கும் லாரிப் பட்டறைகளுக்கும் குறைவில்லை. ஓடிவந்து நின்ற வண்டியின் எஞ்சின் ஆறுவதற்கு நெடுநேரம் ஆகும். மழைக்கால இரவுகளில், தாயைப் பிரிந்த பூனைக்குட்டிகள் அந்தக் கதகதப்பைத் தேடி வண்டிக்கு அடியில் ஒண்டுவதுண்டு. காலையில் குரல் கேட்டு, இரக்கமுள்ள ஒரு மாணவன் குட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. குட்டியைத் தரையில் விட்டதும் அது முதுகை வில்லாக வளைக்கிறது; மயிர் சிலிர்க்கிறது; 'உஸ்' என்று சீறுகிறது. "பொறாமை பிடித்த பூனை!" என்று வீட்டார் அதட்டுகிறார்கள். மாணவர்களே, உண்மையில் அது பொறாமைதானா?

நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வாழும் விலங்கு. பூனையின் மூதாதையான காட்டுப் பூனையோ தனியே வேட்டையாடும் விலங்கு. மேற்கு ஆசியாவில் மனிதன் பயிர் செய்து தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டைப் பற்றி 2004இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இத்தனை ஆயிரம் ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்தும், தனக்கென ஓர் எல்லையை வைத்துக்கொள்ளும் பழக்கம் பூனையை விட்டுப் போகவில்லை.

அந்த எல்லையை அது எதனால் வரைகிறது? மணத்தால்! பூனையின் கன்னம், மோவாய், பாதம் ஆகியவற்றில் மணச் சுரப்பிகள் உள்ளன. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும், ஏன், நம் காலிலும்கூட அது முகத்தைத் தேய்ப்பது இந்த முத்திரையை இடுவதற்காகவே. மூக்கைத் தவிர, மேல்வாயில் ஜேக்கப்சன் உறுப்பு என்ற இன்னொரு மண உணர் கருவியும் பூனைக்கு உண்டு. சில மணங்களை முகர்ந்ததும் பூனை வாயைச் சற்றே திறந்தபடி விழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது அது மணத்தை அந்த உறுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே புதிய குட்டி நம் கண்ணுக்குச் சிறு பிராணி. வீட்டுப் பூனைக்கோ தன் எல்லைக்குள் திடீரெனப் புகுந்துவிட்ட அயல் மணம். சீறல் என்பது "அருகே வராதே" என்ற எச்சரிக்கையே. அதட்டினால் அச்சம் கூடுமே தவிரக் குறையாது.

குட்டியின் நிலையையும் பார்ப்போம். ஒரு பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ.; கன அளவு 1 கன செ.மீ. பக்கத்தை 2 செ.மீ. ஆக்கினால் பரப்பு 24, கன அளவு 8. அதாவது கன அளவு ஒன்றுக்கு முன்பு 6 பங்கு பரப்பு. இப்போது 3 பங்குதான். பொருள் சிறிதாகச் சிறிதாக, அதன் அளவை நோக்க வெப்பம் வெளியேறும் பரப்பு மிகுகிறது. குட்டி விரைவில் குளிர்ந்து போவது இதனால்தான். பிறந்த முதல் வாரத்தில் அதற்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் இயலாது. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. எனவே முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். உணவு அதன் பிறகே.

அடுத்தது நோய். பான்லூகோபீனியா என்னும் வைரஸ் நோய் பூனையின் வெள்ளணுக்களை அழிக்கிறது; குட்டிகள் பல இதில் இறக்கின்றன. இக்கிருமி மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். நம் கை, துணி, செருப்பு வழியாகவும் பரவும். எனவே புதிய குட்டியை இரண்டு வாரமாவது தனி அறையில் வைக்க வேண்டும். தட்டும் மணல்பெட்டியும் தனித்தனியே இருக்கட்டும். குட்டியைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நம் பகுதியில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1985 முதல் இயங்கி வருகிறது.

ஓர் எச்சரிக்கை: பூனை கடித்தாலும் கீறினாலும் வெறிநோய் வரக்கூடும். அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்பினால் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 'சின்னக் கீறல்தானே' என்று வீட்டில் மறைக்காதீர்கள். தெருக்குட்டியைத் தூக்கும்போது கெட்டியான சாக்கைக் கையில் சுற்றிக்கொள்வது நல்லது.

குட்டி நலமாக இருப்பது உறுதியானதும் அறிமுகத்தைத் தொடங்கலாம். முதலில் மணம்: குட்டி படுத்த துணியை வீட்டுப் பூனையின் உணவுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள், அதன் துணியைக் குட்டியிடம் வையுங்கள். பிறகு, மூடிய கதவின் இரு புறமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உணவு கொடுங்கள். மணியோசையையும் உணவையும் பாவ்லோவின் நாய்கள் இணைத்துக்கொண்டதுபோல, பூனையும் 'அந்த மணம் வந்தால் உணவு வரும்' என்று கற்றுக்கொள்கிறது. அடுத்து, கம்பி வலைக்கு இருபுறமும் பார்க்க விடுங்கள். கடைசியில்தான் நேருக்கு நேர். அதுவும் பெரியவர் ஒருவர் உடனிருக்க, சில நிமிடங்கள் மட்டும். சீறல் வலுத்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். வீட்டுப் பூனை ஏறி ஒதுங்க ஒரு பரண் அல்லது அலமாரி இருக்கட்டும். சில வீடுகளில் இது சில நாள்களில் முடியும். சிலவற்றில் மாதங்களும் ஆகலாம்.

இதை ஓர் ஆய்வாகவே செய்து பாருங்கள். இரண்டு தட்டுகளுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருந்தால் இரு பூனைகளும் சீறாமல் உண்கின்றன என்று நாள்தோறும் அளந்து எழுதுங்கள். நாளை கிடை அச்சிலும், தொலைவைச் செங்குத்து அச்சிலும் குறித்து வரைபடம் வரையுங்கள். கோடு ஒரே சீராக இறங்காது. சில நாள் ஏறவும் செய்யும். ஏறிய நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று ஆராயுங்கள். விருந்தினர் வந்தார்களா? பட்டாசு வெடித்ததா? தட்டை அவசரப்பட்டு நெருக்கி வைத்தீர்களா? காரணத்தைக் கண்டு நீக்கினால் கோடு மீண்டும் இறங்கத் தொடங்கும்.